குப்பை மின்னஞ்சலின் செலவை யார் ஏற்கிறார்கள்?

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, சான் டியேகோ வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டில் ஒரு துணிச்சலான சோதனையைச் செய்தார்கள். ‘ஸ்டார்ம்’ என்ற பெயரில் அறியப்பட்ட குப்பை அஞ்சல் வலையமைப்புக்குள் நுழைந்து, அதன் வழியாகச் சென்ற விளம்பர அஞ்சல்களில் ஒரு பகுதியைத் தாங்களே அமைத்த போலி மருந்துக் கடைத் தளம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டு, எத்தனை பேர் உண்மையில் பொருள் வாங்க வருகிறார்கள் என்று எண்ணினார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்கள் வெளியேறின. அவற்றில் நான்கில் ஒரு பங்கைத்தான் பெறுநர்களின் சர்வர்கள் ஏற்றுக்கொண்டன. தளத்தை எட்டிப் பார்த்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். பணம் கொடுத்து வாங்க முன்வந்தவர்கள் 28 பேர்.

துண்டறிக்கை அச்சடித்து விநியோகிக்கும் எந்தக் கடைக்காரரும் இந்தக் கணக்கைப் பார்த்தால் கடையை மூடிவிடுவார். ஆனால் ஆய்வாளர்கள் தங்கள் கண்ணில் பட்ட சிறு பகுதியை முழு வலையமைப்புக்கும் விரித்துக் கணக்கிட்டபோது, நாளொன்றுக்குச் சுமார் 7,000 டாலர் விற்பனை நடக்கக்கூடும் என்று தெரியவந்தது. ஒரு கோடிப் பேருக்கு அனுப்பி ஒருவர்கூட வாங்காவிட்டாலும் அனுப்பியவருக்குப் பெரிய இழப்பில்லை. ஏனென்றால் அந்த ஒரு கோடி அஞ்சல்களுக்கான செலவில் மிகப் பெரும் பங்கை அவர் கொடுக்கவே இல்லை. அஞ்சலைச் சுமந்த இணைய இணைப்பு, அதைச் சேமித்த வட்டு, வடிகட்டிய மென்பொருள், தலைப்பைப் பார்த்துவிட்டு அழித்தவரின் நேரம் ஆகிய எல்லாவற்றையும் வேறு யாரோ கொடுக்கிறார்கள். குப்பை மின்னஞ்சல் ஏன் ஒழியவில்லை என்பதையும், அதற்கு எதிரான வழிகளில் சில பலித்துச் சில பொய்த்தது ஏன் என்பதையும் இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளலாம்.

முதலில் எதைக் குப்பை அஞ்சல் என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பெறுபவர் கேட்காதது, மொத்தமாகப் பலருக்கு அனுப்பப்படுவது என்ற இரண்டு தன்மைகளும் சேர்ந்திருந்தால்தான் ஓர் அஞ்சல் ஸ்பேம் ஆகும். முன்பின் அறியாத ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதும் கடிதம் கேட்காமல் வந்ததுதான். ஆனால் அது மொத்த அஞ்சல் அன்று. நீங்களே பதிவு செய்துகொண்ட இதழின் வாரச் செய்தி மொத்த அஞ்சல்தான். ஆனால் நீங்கள் கேட்டது. அஞ்சலின் உள்ளடக்கம் நல்லதா கெட்டதா என்பது இந்த வரையறைக்குள் வருவதில்லை. கோயில் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு இருபதாயிரம் முகவரிகளுக்குக் கேட்காமல் அனுப்பினாலும் அது ஸ்பேம்தான்.

இந்த வழக்கத்தின் முதல் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது 1978 மே மாதத்தில் நடந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் அப்போது இருந்தவர்கள் மிகச் சிலரே. டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், தங்கள் புதிய கணினியின் செயல்விளக்கத்துக்கு வருமாறு அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே அஞ்சலை அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்கு உரிய இடத்தில் அடங்காமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன என்பது அந்த நிகழ்ச்சியின் வேடிக்கையான பகுதி. கண்டனங்கள் எழுந்தன, ஆர்ப்பாநெட்டை நிர்வகித்தவர்கள் எச்சரித்தார்கள், அதன் பிறகு பல ஆண்டுகள் பெரிய தொல்லை இல்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறிய சமூகத்தில் அவப்பெயர் என்பதே போதிய செலவாக இருந்தது.

ஆனால் சிக்கலின் வேரை அதற்கும் முன்பே ஒருவர் கண்டிருந்தார். இணைய நெறிமுறைகளின் சிற்பிகளில் ஒருவரான ஜான் போஸ்டல் 1975-இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில், தனக்கு வரும் செய்திகளில் வேண்டாதவற்றை மட்டும் மறுப்பதற்கு ஒரு கணினிக்கு வழியே இல்லை என்றும், வேண்டியதைப் பெறுவதற்காக வந்த அனைத்தையும் அது வாசித்தாக வேண்டியிருக்கிறது என்றும் சுட்டிக்காட்டினார். விந்தை என்னவென்றால், மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறையை 1982-இல் எழுதியவரும் அவரேதான். அந்த நெறிமுறையில் அனுப்புநர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வதைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. தபால் உறையின் பின்புறத்தில் ‘அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை என்பது போன்ற நிலைதான் இங்கும், ஒரே வேறுபாடு, தபால் உறைக்கு அஞ்சல்தலையாவது ஒட்ட வேண்டும். அன்றைய பயனர்கள் பல்கலைக்கழகத்தினரும் ஆய்வகத்தினருமாக இருந்ததால் யாரும் இதைக் குறையாக எண்ணவில்லை. அவர்களைக் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அத்தனை எளிமையாக இருந்ததால்தான் மின்னஞ்சல் எல்லா நாடுகளிலும் எல்லாக் கணினிகளிலும் வேரூன்றியது.

ஓர் அனுப்புநர் ஒரே கணினியிலிருந்து கோடிக்கணக்கில் அனுப்பினால் அந்தக் கணினியை அடையாளம் கண்டு தடுத்துவிடலாம். அதனால் 2000-க்குப் பின் இந்தத் தொழில் வேறு வழிக்குத் திரும்பியது. தீநிரல் புகுந்த வீட்டுக் கணினிகளும் அலுவலகக் கணினிகளும் உரிமையாளருக்குத் தெரியாமலேயே பின்னணியில் அஞ்சல் அனுப்பும் கருவிகளாக மாற்றப்பட்டன. இப்படி அடிமைப்படுத்தப்பட்ட கணினிகளின் கூட்டத்தையே பாட்நெட் என்கிறோம். மேலே சொன்ன ஸ்டார்ம் அவற்றில் ஒன்று. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் கூட இப்போது ஏமாந்த வீட்டுக்காரரின் தலையில் விழுந்தன. இந்தப் படையை இயக்கிய கட்டளை மையங்கள் மட்டும் சில இடங்களில் குவிந்திருந்தன. 2008 நவம்பரில் அத்தகைய மையங்கள் பலவற்றுக்கு இடம் தந்து அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் இயங்கிய மெக்கோலோ என்ற நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டபோது, உலகின் குப்பை அஞ்சல் அளவு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஒரே நிறுவனத்தின் இணைப்பை அறுத்ததால் உலகம் முழுவதும் அஞ்சல் பெட்டிகள் சில வாரங்களுக்கு இளைத்தன என்பது இன்றும் நம்பக் கடினமான செய்தி. பிறகு கட்டளை மையங்கள் வேறு இடங்களுக்குப் பெயர்ந்தன. அளவும் மெல்ல மீண்டது.

உங்கள் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பது பலரும் கேட்கும் கேள்வி. வலைப்பக்கங்களில் வெளிப்படையாக எழுதப்பட்ட முகவரிகளைத் தானியங்கி நிரல்கள் அள்ளிக்கொள்கின்றன. எங்கோ ஒரு கடையின் அல்லது செயலியின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து விற்பனைக்கு வருகிறது. பொதுவான பெயர்களோடு எண்களைச் சேர்த்து ஊகித்தும் அனுப்புகிறார்கள். கசிந்த முகவரியைத் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே முகவரியை மறைப்பதற்குச் செலவிடும் முயற்சியைவிட, எந்த முகவரியை யாரிடம் கொடுத்தோம் என்பதைப் பிரித்து வைப்பதற்குச் செலவிடும் முயற்சி அதிகப் பயன் தரும்.

எல்லாக் குப்பை அஞ்சலும் விளம்பரம் அன்று. பெரும் சொத்தை விட்டுவிட்டு இறந்த அதிகாரியின் பணத்தை மாற்ற உதவுங்கள் என்று வரும் கடிதம், வருமான வரித் துறையின் பெயரில் ‘உங்களுக்குத் திரும்பத் தர வேண்டிய தொகை உள்ளது’ என்று வரும் கடிதம், வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்று மிரட்டும் கடிதம் ஆகியவை மோசடியின் முதல் படி. இவற்றில் சில ஏன் இத்தனை அசட்டுத்தனமாக எழுதப்படுகின்றன என்ற கேள்விக்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் கார்மாக் ஹெர்லி 2012-இல் ஒரு சுவையான விடை தந்தார். அனுப்புவதற்குச் செலவில்லை; ஆனால் பதில் எழுதுபவரோடு வாரக்கணக்கில் பேசி நம்பவைப்பதற்கு மோசடிக்காரர் தன் நேரத்தைச் செலவிட வேண்டும். பாதி வழியில் சந்தேகப்பட்டு விலகுபவர்கள் அவருக்கு நட்டம். ஆகவே கதை நம்ப முடியாததாக இருந்தால், விவரமுள்ளவர்கள் முதலிலேயே ஒதுங்கிவிட, முழுவதுமாக ஏமாறக்கூடியவர்கள் மட்டுமே பதில் எழுதுவார்கள். அந்த அசட்டுத்தனமே மோசடிக்காரரின் சல்லடை. இந்த விளக்கத்தை எல்லா மோசடிக்கும் நீட்டிவிடக் கூடாது. வங்கியின் பெயரில் வரும் போலி அஞ்சலில் கடவுச்சொல்லை இடும் பக்கமே தானாக வேலையை முடித்துவிடுகிறது. அங்கே எழுத்துப்பிழைகூட இல்லாத கச்சிதமான கடிதம்தான் அவர்களுக்குத் தேவை.

பெறுபவர் சுமக்கும் பாரத்தைப் பேசும்போது அழிப்பதற்கு ஆகும் சில நொடிகளை மட்டும் கணக்கிடுவது போதாது. உலகில் அனுப்பப்படும் மின்னஞ்சல்களில் ஏறத்தாழ பாதி குப்பைதான் என்று பாதுகாப்பு நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் கணித்துவருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நம் கண்ணுக்கு வராமலேயே தடுக்கப்படுவதற்குக் காரணம், அஞ்சல் சேவை நிறுவனங்கள் அதற்கென நடத்தும் பெரும் கணினிக் கட்டமைப்பு. அதைவிடக் கனமான பாரம், வடிகட்டியின் தவறால் நல்ல அஞ்சல் தொலைந்துபோவது. நேர்முகத் தேர்வுக்கான அழைப்போ மருத்துவச் சோதனை முடிவோ ஸ்பேம் பெட்டிக்குள் போய்விட்டால், உள்ளே நுழைந்துவிட்ட நூறு விளம்பரங்கள் தந்த எரிச்சலைவிட அந்த ஓர் இழப்பு பெரிது.

நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் வேலை தொடக்கத்தில் தடைப்பட்டியல்களை நம்பியே நடந்தது. எந்தெந்தக் கணினிகளிலிருந்து குப்பை வருகிறது என்று பதிவு செய்து, அவற்றின் இணைய எண்களைப் பட்டியலிட்டு, அங்கிருந்து வரும் இணைப்பையே மறுப்பது அந்த முறை. 1998-இல் தொடங்கப்பட்ட ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பட்டியல்களை இன்றும் உலகெங்கும் அஞ்சல் சர்வர்கள் கலந்து பார்க்கின்றன. கடிதத்தைத் திறக்காமலே வாசலில் நிறுத்திவிடுவதால் இது பெறுபவருக்கு மிகவும் மலிவான வழி.

அடுத்தது கடிதத்தின் சொற்களைப் பார்த்து முடிவு செய்வது. ‘இலவசம்’ என்ற சொல் இருந்தால் தள்ளிவிடு என்பது போன்ற விதிகள் நீண்ட நாள் பலிக்கவில்லை. ஓர் எழுத்தை எண்ணாக மாற்றியோ நடுவில் புள்ளி வைத்தோ அனுப்புநர்கள் தப்பித்துக்கொண்டார்கள். நிரலாளர் பால் கிரகாம் 2002-இல் எழுதிய ஒரு கட்டுரை நிகழ்தகவு முறையைப் பரவலாக்கியது. அதன் கருத்து எளிது. உங்களுக்கு வந்த நல்ல அஞ்சல்களை ஒரு குவியலாகவும் குப்பையை இன்னொரு குவியலாகவும் வைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று மென்பொருள் எண்ணிக்கொள்கிறது. ‘பரிசு’ என்ற சொல் குப்பைக் குவியலில் நூறு அஞ்சல்களில் இருபதிலும் நல்ல குவியலில் நூறில் ஒன்றிலும் வந்திருந்தால், அந்தச் சொல் ஐயத்தைக் கூட்டும். உங்கள் ஊர்ப் பெயரோ உடன் பணிபுரிபவரின் பெயரோ நல்ல குவியலில் மட்டுமே வந்திருந்தால், அது ஐயத்தைக் குறைக்கும். எல்லாச் சொற்களின் சாட்சியத்தையும் நிகழ்தகவுக் கணிதத்தின் பேய்ஸ் தேற்றத்தின்படி சேர்த்து ஒரு மொத்த மதிப்பு கணிக்கப்படுகிறது. விதியை மனிதர் எழுதுவதில்லை என்பதாலும், ஒவ்வொருவரின் குவியலும் வேறு என்பதாலும், எல்லா வடிகட்டிகளையும் ஏமாற்றும் ஒரே கடிதத்தை எழுதுவது கடினமாகியது. மொழியும் இதற்குத் தடையன்று; போதிய தமிழ்க் கடிதங்களைக் கொடுத்தால் தமிழ்ச் சொற்களையும் அது அப்படியே எண்ணிக்கொள்ளும். இன்றைய பெரிய சேவைகள் இதைவிடச் சிக்கலான கற்றல் முறைகளைக் கையாண்டாலும், இரண்டு குவியல்களிலிருந்து கற்றுக்கொள்வது என்ற அடிப்படை மாறவில்லை. நீங்கள் ‘ஸ்பேம்’ என்ற பொத்தானை அழுத்தும்போது அந்தக் குவியலில் ஒரு கடிதத்தைச் சேர்க்கிறீர்கள்; வெறுமனே அழித்துவிட்டால் வடிகட்டி எதையும் கற்றுக்கொள்வதில்லை.

செலவை அனுப்புநரிடமே திருப்ப வேண்டும் என்ற எண்ணமும் பழையதுதான். ஒவ்வோர் அஞ்சலுக்கும் அனுப்பும் கணினி ஒரு சிறு கணிதப் புதிரை விடுவித்துக் காட்ட வேண்டும் என்று கணினி அறிவியலாளர்கள் சிந்தியா துவோர்க், மோனி நாவோர் இருவரும் 1992-இல் முன்மொழிந்தார்கள்; ஆடம் பேக் 1997-இல் ஹேஷ்கேஷ் என்ற பெயரில் அத்தகைய ஒரு முறையை வெளியிட்டார். பத்துக் கடிதம் அனுப்புபவருக்குச் சில நொடிகள் ஒரு பொருட்டில்லை, கோடி அனுப்புபவருக்கு அது தாங்காது என்பது எதிர்பார்ப்பு. இரண்டு ஆண்டுகளில் ஸ்பேம் ஒழிந்துவிடும் என்று பில் கேட்ஸ் 2004 சனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னபோது, இத்தகைய புதிர்களும் அவர் மனத்தில் இருந்தன. ஆனால் புதிரை விடுவிப்பது யாருடைய கணினி? பாட்நெட் வைத்திருப்பவர் பிறர் கணினிகளில் பிறர் மின்சாரத்தில் அதை விடுவித்துவிடுவார். நேர்மையாக ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பும் ஒரு சங்கம்தான் திணறும். மின்னஞ்சலில் எடுபடாத அந்தப் புதிர் முறைக்குப் பின்னாளில் பிட்காயின் என்ற எண்முறை நாணயத்தை உருவாக்கும் ‘சுரங்க’ வேலையில் வாழ்வு கிடைத்தது.

செலவைத் திருப்பும் முயற்சிகளில் உண்மையில் பலித்தது வேறொரு இடத்தில். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முன்பு சொன்ன சான் டியேகோ, பெர்க்லி ஆய்வாளர்களும் பிறரும் குப்பை அஞ்சலில் விளம்பரமான பொருட்களைத் தாங்களே வாங்கிப் பார்த்து, பணம் எந்த வங்கிக்குப் போகிறது என்று தடம் பிடித்தார்கள். அஞ்சல் அனுப்பும் கணினிகள் இலட்சக்கணக்கில் இருந்தன. தளப் பெயர்கள் (டொமைன்) நாள்தோறும் மாறின. ஆனால் மருந்து, போலிக் கைக்கடிகாரம், திருட்டு மென்பொருள் ஆகியவற்றின் விளம்பரங்களில் 95 விழுக்காட்டின் பணம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வங்கிகள் வழியாகவே சென்றது. கணினியை இழந்தால் இன்னொன்றைப் பிடித்துவிடலாம். கடன் அட்டைப் பணத்தை ஏற்கும் வங்கியை இழந்தால் மாற்று கிடைப்பது அரிது; ஆகவே அந்த வங்கி வழியை அடைப்பதுதான் செலவை அனுப்புநர் பக்கம் திருப்பியது.

உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதலாம் என்ற பழைய ஓட்டையை அடைப்பதற்கு இன்று மூன்று ஏற்பாடுகள் சேர்ந்து இயங்குகின்றன. எஸ்பிஎஃப் என்பது, தன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று ஒரு தளப் பெயரின் உரிமையாளர் பொதுவில் வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது, கடிதம் அந்தப் பெயரிலிருந்தே புறப்பட்டது, வழியில் திருத்தப்படவில்லை என்று காட்டும் எண்முறைக் கையொப்பம். டிமார்க் என்பது, முகப்பில் தெரியும் அனுப்புநர் பெயரோடு இவை இரண்டில் எதுவும் பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று உரிமையாளரே அறிவிக்கும் கொள்கை. இந்த மூன்றும் ஒரு பெயரை மெய்ப்பிக்கின்றன. அந்தப் பெயருக்கு உரியவரின் நாணயத்தை மெய்ப்பிப்பதில்லை. உங்கள் வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் புதிய தளப் பெயரை வாங்கிய மோசடிக்காரரும் இந்தச் சோதனைகளில் முறையாகத் தேறிவிடுவார்.

ஆயினும் பெயர் உறுதியானால் அந்தப் பெயரின் நன்மதிப்பைக் கணக்கு வைக்க முடிகிறது. கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்த அஞ்சல் அனுப்புபவர்கள் இந்த மூன்றையும் அமைத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவரைக் கூகுள் மொத்த அனுப்புநராகக் கொள்கிறது. விளம்பர அஞ்சலிலிருந்து ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். பெறுபவர்கள் ‘ஸ்பேம்’ என்று புகார் செய்யும் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. ஆயிரத்தில் மூன்று பேரின் புகார் ஒரு நிறுவனத்தின் அஞ்சல் முழுவதையும் பாதிக்கும் என்றால், பொத்தானை அழுத்தும் விரலுக்கு இப்போது எடை இருக்கிறது. அதனால்தான், நாமே கேட்டுச் சேர்ந்த இதழைச் சலிப்பினால் ‘ஸ்பேம்’ என்று தள்ளுவதைத் தவிர்த்து, முறையாக விலகிக்கொள்வது நியாயம். இந்த ஏற்பாட்டிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சொந்தமாகச் சிறு அஞ்சல் சர்வர் நடத்தும் கல்லூரியோ தனிநபரோ எல்லா விதிகளையும் பின்பற்றினாலும், புதியவர் என்ற ஒரே காரணத்தால் ஐயத்துக்கு உள்ளாகிறார். மின்னஞ்சல் சில பெரிய நிறுவனங்களின் கைக்குள் குவிவதற்கு ஸ்பேமும் ஒரு காரணம்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணை பொதுவாக முன் ஒப்புதலைக் கேட்கிறது; அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமோ, விலகும் வழியைக் கொடுத்துவிட்டுக் கேட்காமலே அனுப்ப இடம் தருகிறது. சிங்கப்பூரின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், கேட்காமல் மொத்தமாக அனுப்பும் வணிக அஞ்சலின் தலைப்பிலேயே அது விளம்பரம் என்று குறியிட வேண்டும் என்கிறது. இந்தியாவில் குப்பை மின்னஞ்சலுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் அனுப்புநரைப் பற்றி ஏமாற்றும் அஞ்சலைக் குறித்த ஓர் உட்பிரிவு இருந்தது. பேச்சுரிமைக்கு எதிரானது என்று அந்தப் பிரிவு முழுவதையும் 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. சரியான தீர்ப்புதான், ஆனால் அந்த உட்பிரிவுக்கு மாற்று வரவில்லை. ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி பிரிவு இருக்கிறது. 1909 என்ற எண்ணில் பதிவு செய்யும் தொல்லைத் தடுப்பு ஏற்பாடு தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமே உரியது. மின்னஞ்சலை அது தொடுவதில்லை. போலி அஞ்சலை நம்பிப் பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு நேரத்தைப் பொறுத்தது.

தனிப்பட்ட அளவில் செய்யக்கூடியவை எளியவை. வங்கிக்கும் அரசுப் பணிகளுக்கும் ஒரு முகவரி, கடைகளுக்கும் செயலிகளுக்கும் வேறொரு முகவரி என்று பிரித்துக்கொள்ளலாம். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் கூட்டல் குறியிட்டு ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வந்து சேரும். எந்தக் கடை பட்டியலைக் கசியவிட்டது என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரிந்துவிடும். அறிந்த நிறுவனத்தின் விளம்பரத்திலிருந்து விலகும் இணைப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். முற்றிலும் அறியாத அஞ்சலில் எந்த இணைப்பையும் தொட வேண்டாம், ஏனென்றால் அந்தச் சொடுக்கே இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அறிவித்துவிடும். கடிதத்தில் உள்ள படங்கள் தாமாகத் திறப்பதை நிறுத்திவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம்கூட, நீங்கள் கடிதத்தைத் திறந்த நேரத்தைச் சொல்லிவிடும். ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டி 30 நாட்களில் தானே காலியாகிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை அதை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. பலருக்கு ஒரே செய்தியை அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் (பிசிசி) வரியில் இடுவது மற்றவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

சொந்தத் தளப் பெயர் வைத்திருக்கும் பள்ளிகளும் சங்கங்களும் சிறு கடைகளும் இன்னொன்றும் செய்ய வேண்டும். வலைத்தளத்துக்கு மட்டும் ஒரு பெயரை வாங்கி, அதிலிருந்து அஞ்சலே அனுப்பாமல் இருப்பவர்கள் பலர். அப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பெயரை அனுப்புநராகக் காட்டி மோசடி அஞ்சல் அனுப்புவது எளிது. ‘இந்தப் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வருக்கும் அனுமதி இல்லை’ என்று எஸ்பிஎஃப் பதிவிலும், ‘பொருந்தாதவற்றை நிராகரிக்கவும்’ என்று டிமார்க் பதிவிலும் ஒவ்வொரு வரி எழுதினால் அந்த வழி அடைபடும். அஞ்சல் அனுப்பும் பெயர் என்றால் டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்து, தங்கள் சொந்தச் சேவைகள் எதுவும் விடுபடவில்லை என்று உறுதியான பிறகு நிராகரிப்பு நிலைக்கு மாற்றலாம். பல நிறுவனங்கள் கண்காணிப்பு நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுகின்றன. அந்த நிலையில் அறிக்கைகள் வருமே தவிர, அவர்கள் பெயரில் போகும் போலிக் கடிதம் எதையும் தடுத்து நிறுத்தும்படி டிமார்க் சொல்வதில்லை.